சலுகையில் வந்த நீதிபதி என்று சொன்ன அண்ணனுக்கு

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். மீதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நேற்று ராத்திரி குழுவில் "உண்மையைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்" என்று அந்த அண்ணன் மறுபடி எழுதியதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது ஒரு தபால்தலை. 2024இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் தபால்தலை. அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் இவர், 1966இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நியமித்து நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் அமர்ந்தார் என்று சொல்லி முடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "ஜான்சனுக்குக் கறுப்பர் ஓட்டும் வேணும், பெண்கள் ஓட்டும் வேணும். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். சலுகையில் வந்த பதவிம்மா அது. அவங்க தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு சொல்லணுமா?"

அண்ணா, நீங்கள் என்னைவிட மூத்தவர். இந்த ஊருக்கு நாங்கள் வந்த புதிதில் வீடு பார்த்துக் கொடுத்தவர். அந்த மரியாதை இப்போதும் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னது தவறு. அந்தப் பதவி சலுகையில் வரவில்லை. அவருக்கு வந்திருக்க வேண்டியதைவிடக் குறைவாகவும் தாமதமாகவும்தான் வந்தது.

மோட்லி 1921இல் கனெடிகட்டின் நியூ ஹேவனில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் தீவான நெவிஸிலிருந்து வந்தவர்கள். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல்காரர். பள்ளி முடித்தபோது கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லை. உள்ளூர்க் கூட்டம் ஒன்றில் அவர் பேசியதைக் கேட்ட கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற செல்வந்தர் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். 1946இல் கொலம்பியாவில் சட்டம் முடித்தார். அதற்கு முன்பே, கறுப்பினத்தவரின் உரிமைக்காக வழக்காடிய என்.ஏ.ஏ.சி.பி. சட்ட நிதியத்தில் அதன் தலைவர் தர்குட் மார்ஷலிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அங்கே ஏறத்தாழ இருபது வருடம். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று 1954இல் தீர்ப்பு வந்ததே, அந்த பிரவுன் வழக்கின் மூல மனுவை எழுதியவர் இவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கதவைக் கறுப்பின மாணவர்களுக்குத் திறக்க வைத்த வழக்கில் வாதாடினார். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர்வதற்காக நியூயார்க்கிலிருந்து அந்த மாநிலத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். எதிர்த்தரப்பு அவரை 'மிசஸ்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடக்கூட மறுத்தது. 1962இல் மெரிடித் உள்ளே போவதற்கு முந்தைய இரவு வளாகத்தில் கலவரம் நடந்து இரண்டு பேர் செத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்குகளை வாதாடி ஒன்பதில் வென்றார்.

பத்துக்கு ஒன்பது, அண்ணா. அன்றைக்கு நீதிபதியாகக் காத்திருந்த எத்தனை வக்கீல்கள் உச்ச நீதிமன்றப் படியேறி ஒரு வழக்காவது வாதாடியிருப்பார்கள்?

ஓட்டுக்காகப் போட்டார்கள் என்கிறீர்கள். சரி, ஜான்சன் அரசியல்வாதிதான், கணக்குப் பார்த்திருப்பார். அதை நான் மறுக்கவில்லை. இந்த நாட்டில் எந்த ஃபெடரல் நீதிபதியை அரசியல் கணக்கு இல்லாமல் போட்டிருக்கிறார்கள்? ஜனாதிபதி பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும். அன்றைக்கெல்லாம் அந்தந்த மாநில செனட்டர்களின் வாய்ச்சொல் இல்லாமல் பெயரே நகராது. வெள்ளைக்கார ஆண்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த வழியாகத்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் நீங்கள் சலுகையில் வந்தவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சலுகை எப்படிக் கிடைத்தது என்றும் பாருங்கள். ஜான்சன் முதலில் நினைத்தது மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு படி இறக்கி விசாரணை நீதிமன்றத்துக்குப் பெயரை அனுப்பினார். செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட், அதே மிசிசிப்பியின் செனட்டர். மோட்லி எந்த மாநிலத்தின் பல்கலைக்கழகத்தை நீதிமன்றத்தில் தோற்கடித்தாரோ அந்த மாநிலத்துக்காரர் கையில்தான் அவர் கோப்பு போய்ச் சேர்ந்தது. கம்யூனிஸ்ட் என்றார், இழுத்தடித்தார். ஜனவரியில் போன பெயர் ஆகஸ்ட் 30ஆம் தேதிதான் உறுதியானது. ஏழு மாதம்!

சட்ட நிதியத்திலும் இதேதான். 1961இல் மார்ஷல் நீதிபதியாகப் போனபோது தலைமை இடம் ஜாக் கிரீன்பெர்க் என்ற வெள்ளைக்கார வக்கீலுக்குப் போனது. அவர் திறமையானவர், சந்தேகமில்லை. ஆனால் மோட்லி அவருக்கு முன்பே அங்கே சேர்ந்தவர்.

இனி அந்த "எந்தப் பக்கம் சாயும்" பேச்சு. எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

1975இல் சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்ற பெரிய வால் ஸ்ட்ரீட் வக்கீல் நிறுவனத்தின் மேல், பெண்களை வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டியதாக டயான் பிளாங்க் என்ற பெண் வக்கீல் தொடுத்த வழக்கு மோட்லியிடம் இருந்தது. நீங்கள் பெண், கறுப்பினத்தவர், பாகுபாட்டை நேரில் அனுபவித்தவர், ஆகவே விலகிக்கொள்ளுங்கள் என்று நிறுவனத் தரப்பு கேட்டது. ஒருவருடைய இனமும் பாலினமும் பின்னணியும் விலகுவதற்குக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியாலும் இந்த வழக்கைக் கேட்க முடியாது, ஏனென்றால் எல்லோருமே ஏதோ ஒரு இனத்தையும் பாலினத்தையும் சேர்ந்தவர்கள்தான் என்ற பொருளில் அவர் எழுதினார். வழக்கிலிருந்து விலகவில்லை. ஒரு ஆண் நீதிபதியைப் பார்த்து, நீங்களும் ஆண், அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களும் ஆண்கள், விலகுங்கள் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

எனக்கு இது ஏன் இவ்வளவு தைக்கிறது என்றால், நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வழக்கைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். நான் பிரமாணம் எடுத்து முடித்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மொழிபெயர்ப்பவரும் சாட்சியின் இனத்தவர்தானே, சாதகமாகச் சொல்ல மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். நான் திருநெல்வேலிக்காரி. சாட்சி யாழ்ப்பாணத்துக்காரர். அன்றைக்குத்தான் அவர் முகத்தையே முதல்தடவை பார்த்தேன். நீதிபதி அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை, வேலை தொடர்ந்தது.

ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளே புகுந்துவிட்டது. ஓரிடத்தில் சாட்சி "ஏங்கிப் போனன்" என்றார். எங்கள் ஊரில் ஏங்குவது என்றால் கிடைக்காத ஒன்றுக்காகத் தவிப்பது. அவர் ஊரில் பயத்தில் உறைந்துபோவது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதற்கு ஒரு மென்மையான ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். சாதகமாகச் சொல்லிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். இரண்டு கேள்வி கழித்து மனசு கேட்காமல் கையைத் தூக்கி, திருத்திக்கொள்கிறேன் என்று சரியான சொல்லைச் சொன்னேன். அந்த வக்கீல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

என் தமிழை எடைபோட்டு என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். மோட்லி ஏறத்தாழ நாற்பது வருடம் அந்தப் பார்வைக்கு எதிரில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார், 1982இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் ஆனார் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

அவர் தீர்ப்புகள் எல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. 372 நாள் தனிச்சிறையில் வைக்கப்பட்ட மார்ட்டின் சோஸ்ட்ரே என்ற கைதியின் வழக்கில் 1970இல் அவர் கொடுத்த தீர்ப்பின் ஒரு பகுதியை மேல் நீதிமன்றம் மாற்றியது. மாற்றட்டும், மேல்முறையீடு அதற்குத்தான். தீர்ப்பில் தவறு இருந்தால் தீர்ப்பைக் காட்டுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன். நிறத்தைக் காட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "பிள்ளைகள் முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னது "தப்பு அண்ணா" என்ற இரண்டு வார்த்தை. அந்த வரிசையில் பழுப்பு நிறத்தில் ஒன்பது பெண் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் யாராவது நாளைக்கு இங்கே ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால், பின்வரிசையிலிருந்து வேறொருவர் இதே வார்த்தையைச் சொல்லுவார். உங்கள் பேத்தியும் அதில் இருந்தாள்.

கூட்டம் கலைந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போது அவள்தான் பின்னால் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, வேலைக்கு எடுக்கலைன்னு கேஸ் போட்டாங்களே, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். சமரசத்தில் முடிந்தது, அதுவரை மோட்லிதான் அந்த வழக்கைப் பார்த்தார் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு தபால்தலை கேட்டாள். தாளிலிருந்து ஒன்றை உரித்து அவள் நோட்டு அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். வீட்டில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.