ஆறு சாவதற்கு மழை மட்டும் காரணம் அல்ல

கோடை வந்ததும் வேலூரில் பாலாற்றுப் பாலத்தைக் கடப்பவர்கள், மழை பொய்த்ததால்தான் ஆற்றில் உயிர் இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பக்கத்துக் கானாறுகள் ஆண்டில் பல மாதம் வறண்டு கிடப்பவைதான், அவற்றில் வாழும் உயிர்களும் அந்த வறட்சிக்குப் பழகியவையே. நத்தை தன் மூடியை இறுக அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் உறங்கும். மண்ணுக்குள் புதைந்த பெருந்தவளை முதல் மழைக்கு எழுந்து வரும். விரால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசித்துப் பிழைக்கும். அந்த வசதி இல்லாத கெண்டைக் குஞ்சுகள் கடைசியாக எஞ்சும் மடுவில் ஒதுங்கும், பூச்சிகளின் இளம்புழுக்களோ மணலுக்கடியில் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

ஆக, ஓட்டம் நின்ற பிறகு உயிர் தங்குவதற்கு மடுவும் மணலின் ஈரமும்தான் புகலிடம். இந்த இரண்டையும் பறித்தது வானம் அல்ல, நாம்தான். மணலை அடித்தரை தெரியும்வரை அள்ளினோம், எஞ்சிய மடுக்களில் ஊர்ச் சாக்கடையைத் திருப்பினோம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். கரைமர நிழலும் இல்லாமல் கொதிக்கும் குட்டையில் கழிவு கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ள, மீன்கள் ஒரே இரவில் செத்து மிதக்கின்றன.

ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி ஓடையில் நீர் ஓடும்போது ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணல் துகள்களைத் தன் வாயில் சுரக்கும் பட்டு இழையால் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் உடலை நுழைத்துக்கொண்டிருக்கும் சிறு புழுவைக் காணலாம். நகரத்துக் கால்வாய் பாலாற்றில் விழும் இடத்துச் சேற்றிலோ நெளிவது சிவப்புப் புழு. ஹீமோகுளோபின் தந்த அந்தச் சிவப்பால்தான் அது மூச்சுக்கு வழியில்லாத சேற்றிலும் வாழ்கிறது. எந்தப் புழு இருக்கிறது என்று பார்த்தாலே தண்ணீரின் நிலை தெரிந்துவிடும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் கட்டாயம் காட்ட வேண்டும்.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது நம் பாலாற்று வழக்கில்தான். ஆனால் உப்பும் குரோமியமும் நீர் குறையக் குறையச் செறிவு கூடுகின்றன என்பதால், மழைக்காலத்தில் ஓரளவு தாங்கக்கூடிய கழிவே கோடையில் நஞ்சாகிறது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு நீரையும் மீனையும் தாங்கி வைக்க மணல்தான் இல்லை. வேலூர்ப் பக்கத்து நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் செறிவூட்டும் கிணறுகள் அமைத்து நிலத்தடி நீரை மீட்கப் பாடுபட்டது எனக்குப் பெரிய நம்பிக்கை. அதே அக்கறை தூர்வாரும் பணியிலும் வேண்டும். கானாற்றை ஜேசிபியால் ஒரே மட்டமாகச் சமன் செய்து, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்புவதைச் சீரமைப்பு என்று சொல்வதை நிறுத்துங்கள். ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே, எந்தெந்த மடுவைத் தொடக்கூடாது, எந்தப் புங்கையையும் நீர்மருதையும் வெட்டக்கூடாது என்று அந்தந்த ஊர் மீனவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் கேட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்த மடுக்களில் விழும் சாக்கடையைத்தான் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்ப வேண்டும்.