ஊர் இங்கே, ஓட்டு ஹூஸ்டனில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸின் 2006 மேயர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால், "கறுப்பர் கறுப்பருக்குப் போட்டார்கள், வெள்ளையர் வெள்ளையருக்குப் போட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஓட்டுக்குப் பின்னால் ஒரு வரைபடமும் ஒரு தபால் உறையும் இருந்தன.

2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரினா புயல் அடித்தது. கால்வாய்ச் சுவர்கள் உடைந்து நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியது. அதற்கு முன் அங்கே இருந்தவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். மிசிசிப்பி ஆற்றின் கரையோர மேட்டில் பழைய பணக்கார வீதிகள். அங்கே தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை. சதுப்பை வடித்துக் கட்டிய பள்ளத்தில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த பேட்டைகள்: ஜென்டிலி, கிழக்கு நியூ ஆர்லியன்ஸ், லோயர் நைன்த் வார்ட். வெள்ளையர் வாழ்ந்த லேக்வியூவும் மூழ்கியது, உண்மைதான். ஆனால் காப்பீடும் கையில் காசும் இருந்தவர் சீக்கிரம் திரும்பினார். வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் இருந்தவர் எதை நம்பித் திரும்புவார்?

இப்போது அந்த வரைபடம். 2006 ஜனவரியில், கறுப்பினத்தவரான மேயர் ரே நேகின் அமைத்த மறுகட்டமைப்புக் குழு ஒரு திட்டம் வைத்தது. கடுமையாக மூழ்கிய பகுதிகளில் நான்கு மாதம் கட்டட அனுமதி கிடையாது. போதிய பேர் திரும்புவார்கள் என்று அந்தந்தப் பேட்டையே நிரூபிக்க வேண்டும். பத்திரிகையில் வந்த படத்தில், பூங்காவாகக்கூடிய இடங்களில் பச்சை வட்டங்கள். உங்கள் வீட்டின் மேல் ஒரு பச்சை வட்டம் விழுந்தால் எப்படி இருக்கும்? கொதிப்பு கிளம்பியதும் நேகின் அந்தத் தடையைக் கைவிட்டார். ஆனால் அச்சம் போகவில்லை.

இதோடு இன்னொரு கணக்கு. சேதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் வீட்டை உயர்த்திக் கட்டியாக வேண்டும். அதனால் வீட்டின் புகைப்படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு, 52 என்று எழுதியதை 49 ஆக்கச் சொல்லி நகராட்சி அலுவலகத்தில் வரிசை நின்றது. வரிசையில் நிற்க ஊரில் இருப்பவரால்தானே முடியும்!

பிப்ரவரி 4-ல் நடக்க வேண்டிய தேர்தல் ஏப்ரல் 22-க்குத் தள்ளிப்போனது. உள்ளூர் வாக்குச்சாவடிகளைச் சேர்த்துச் சுருக்கினார்கள். லூசியானாவுக்குள் வேறு 10 மாவட்டங்களில் முன்கூட்டி ஓட்டுப்போட மையங்கள் திறந்தார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் ஊரைவிட்டுப் போன பல்லாயிரம் பேர் தங்கியிருந்த வெளிமாநில நகரங்களான ஹூஸ்டனிலும் அட்லான்டாவிலும் ஒன்றுகூட இல்லை. வெளிமாநிலத்தில் இருப்பவருக்குத் தபால் ஓட்டுதான் வழி: முதலில் விண்ணப்பம், அப்புறம் சீட்டு வரவேண்டும், நிரப்பிச் சாட்சிக் கையெழுத்தோடு கெடுவுக்குள் திரும்பவேண்டும். எட்டு மாதத்தில் மூன்று நான்கு முகவரி மாறியவருக்கு அந்த உறை எங்கே போய்ச் சேரும்? இல்லாவிட்டால் பஸ் பிடித்து எல்லை தாண்டி லூசியானாவின் லேக் சார்ல்ஸுக்கு வரவேண்டும். 2005-ல் ஈராக் தேர்தலுக்கு அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் சாவடி வைத்தார்கள். ஈராக்கியருக்கு முடிந்தது நியூ ஆர்லியன்ஸ்காரருக்கு ஏன் முடியவில்லை? மனித உரிமைத் தலைவர்கள் அன்று கேட்ட கேள்வி இது, இன்றும் நியாயமான கேள்விதான். கூட்டாட்சி நீதிமன்றம் சம்மதிக்கவில்லை.

ஏப்ரலில் முந்திய இருவர் மோதிய மே 20 இறுதிச் சுற்றில் நேகின் 59,460, வெள்ளையரான மிட்ச் லாண்ட்ரூ 54,131. வித்தியாசம் 5,329. தபாலிலும் முன்கூட்டியும் விழுந்தவை 20 ஆயிரத்துக்கும் மேல். நேகின் 2002-ல் ஜெயித்தபோது வெள்ளையர் ஓட்டில் 80 சதவீதத்துக்கும் மேல் அவருக்கு வந்தது. 2006-ல் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கறுப்பினத்தவர் ஓட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் வந்தது. ஆள் அதே ஆள். நியூ ஆர்லியன்ஸ் மறுபடி "சாக்லேட் நகரம்", அதாவது கறுப்பினத்தவர் பெரும்பான்மை நகரம், ஆகும் என்று ஜனவரியில் அவர் பேசியது இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் லாண்ட்ரூவின் அப்பா மூன் லாண்ட்ரூ 1978-ல் பதவி விட்டவர், அன்றைய தேதிவரை கடைசி வெள்ளை மேயர். பச்சை வட்டத்துக்குள் வீடு இருந்தவருக்கு, 'இனி இந்த ஊர் நமக்கில்லையோ' என்ற கேள்வியாகவே அந்தச் சீட்டு தெரிந்திருக்கும். நேகின் நல்ல நிர்வாகி என்று நான் சொல்ல வரவில்லை. 2014-ல் லஞ்ச வழக்கில் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர். அவருக்கு விழுந்த ஓட்டு திரும்பி வரும் உரிமைக்காக விழுந்தது என்கிறேன்.

2007-ல் நகர மன்றத்தில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வெள்ளையர் பெரும்பான்மை வந்தது. திரும்பாதவர்களின் ஓட்டு அப்போது கணக்கிலேயே இல்லை.

அன்று தேதி மாற்றம், சாவடி இணைப்பு எல்லாவற்றுக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் முன்அனுமதி வேண்டியிருந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் ஷெல்பி கவுண்டி தீர்ப்போடு அது செயலிழந்தது. அடுத்த புயலுக்குப் பிறகு சாவடிகளைச் சுருக்க அந்த அனுமதியும் தேவைப்படாது.