கேமரா கிலோ என்ன விலை?

(கோவில்பட்டி. மதியம் மூணு மணி. மளிகைக் கடையில் ஈ ஓட்டும் நேரம். கல்லாவில் அண்ணாச்சி. அவர் தலைக்கு மேலே 'கடன் அன்பை முறிக்கும்' என்றொரு போர்டு. முப்பது வருச ஊதுபத்திப் புகையில் முதல் வார்த்தை மங்கிப்போய், புதுசாக வருகிறவர்கள் 'அன்பை முறிக்கும்' என்று மட்டும் படித்துவிட்டுத் திகைத்து நிற்பார்கள். பக்கத்து ஸ்டுடியோ தம்பி ஒரு மஞ்சப்பையோடு வருகிறார்.)

அண்ணாச்சி: வா தம்பி. கொண்டாந்துட்டியா?

தம்பி: ரெண்டையும் கொண்டாந்திருக்கேன். இது மிரர்லெஸ், நம்ம ஸ்டுடியோவோடது. இது காம்பாக்ட், கையடக்கக் கேமரா, சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்திருக்கிற மச்சானோடது. ஆமா, போன்தான் நல்லா இருக்கே, இப்ப என்னத்துக்கு கேமரா?

அண்ணாச்சி: போன வருசம் பெங்களூர்ல பேத்தி ஸ்கூல்ல ஆண்டு விழா. போன்ல எடுத்தேன். பிள்ளைக எல்லாம் கடுகு மாதிரி விழுந்திருக்கு. சம்பந்தி "இதுல நம்ம பாப்பா எது?"ன்னாரு. நானும் தொட்டுக் காட்டுனேன். அது வேற வீட்டுப் பிள்ளை தம்பி. அதுவும் பையன்.

தம்பி: அடடா.

அண்ணாச்சி: தை மாசம் அவளுக்கு அரங்கேற்றம். இந்தத் தடவை மூக்குத்தி தெரியணும். அதுக்கு முன்னால பேரைச் சொல்லு. மிரர்லெஸ்னா என்ன?

தம்பி: கண்ணாடி இல்லாத கேமரா.

அண்ணாச்சி: (மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி) கண்ணாடி இல்லாம எனக்கே ஒண்ணும் தெரியாது. அதுக்கு எப்படித் தெரியும்?

தம்பி: இது முகம் பாக்குற கண்ணாடி. பழைய எஸ்எல்ஆர் கேமராவுல லென்சுக்குப் பின்னால சாய்வா ஒண்ணு இருக்கும். வாற வெளிச்சத்தை மேல திருப்பி நம்ம கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமுக்குனா 'டடக்'குனு தூக்கிக்கிடும். இப்ப சென்சார் பாக்குறதையே நேரா திரையில காட்டிருதான். 2008-லயே பானாசோனிக் ஜி1 அப்படி வந்துட்டுது.

அண்ணாச்சி: ஒரு சாமானை எடுத்துட்டான். அப்ப விலை குறைஞ்சிருக்கணுமே?

தம்பி: குறையல.

அண்ணாச்சி: சரிதான். நானும் கல்லு பொறுக்குன பருப்பைக் கூடுதலாத்தான் விக்கேன். தராசுல வையி.

தம்பி: கேமராவையா?

அண்ணாச்சி: என் கடையில எதுவும் தராசு ஏறாம வெளிய போனதில்ல. வாரைக் கழட்டு. மூடியையும் எடு.

(தம்பி ஒவ்வொன்றாக வைக்கிறார். அண்ணாச்சி வெல்லம் நிறுக்கிற முகத்தோடு எண்களைப் பார்க்கிறார்.)

அண்ணாச்சி: இது என்னது?

தம்பி: கேனான் ஆர்50. பேட்டரியோட 375 கிராம். கூட வாற 18-45 லென்ஸ் 130. இந்த நம்பர் கூடக்கூட தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். மொத்தம் 505. ஆனா அரங்கேற்றத்துக்கு இது எட்டாது. 55-210னு தூர லென்ஸ் ஒண்ணு வேணும். அது 270 கிராம்.

அண்ணாச்சி: முக்கால் கிலோவுக்கு மேல போச்சே! சின்னது?

தம்பி: சோனி ஆர்எக்ஸ்100, ஏழாவது மாடல். 302 கிராம். கிட்டத்துல இருந்து தூரம் வரைக்கும், பழைய பிலிம் கணக்குல 24-ல இருந்து 200 வரை, எல்லாம் அந்த ஒரே லென்சுல அடங்கிருது.

அண்ணாச்சி: அப்ப இதுதான் மலிவு.

தம்பி: இல்ல அண்ணாச்சி. புதுசா வாங்குனா ஆர்50-ஐ விட இதுதான் விலை கூட.

(மற்றவர்கள் என்றால் இந்த இடத்தில் அதிர்ச்சி அடைவார்கள். அண்ணாச்சி அசரவில்லை.)

அண்ணாச்சி: இருக்கும், இருக்கும். புளி மூட்டையில வரும், ஏலக்காய் பொட்டலத்துல வரும். எது விலை கூடுன்னு எனக்கா சொல்லிக் குடுக்கே? உள்ள சரக்கு எப்படி?

தம்பி: அங்கதான் விசயமே. படம் விழுற தகடு இருக்குல்லா, சென்சார், அது பெருசுல 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். சின்னதுல 13.2க்கு 8.8. பரப்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. இதை 'ஒரு இன்ச் சென்சார்'னு சொல்லுவாங்க.

அண்ணாச்சி: நில்லு. ஒரு இன்ச்சுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

தம்பி: இருபத்தஞ்சரை... கொஞ்சம் குறைய.

அண்ணாச்சி: இது பதிமூணு. அரை இன்ச்சைக் குடுத்துட்டு ஒரு இன்ச்சுங்கானா? நான் அரைக் கிலோ துவரையைக் கட்டி ஒரு கிலோன்னு எழுதுனா முத்திரை ஆபீசர் கடையைப் பூட்டி சாவியைக் கையோட கொண்டு போயிருவாரு!

தம்பி: இது ஒரு கம்பெனி பண்றதில்ல அண்ணாச்சி, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தக் காலத்து டிவி கேமராவுல சென்சாருக்குப் பதிலா கண்ணாடிக் குழாய் இருந்துச்சு. குழாயோட வெளி விட்டம் ஒரு இன்ச்சு. அதுக்குள்ள படம் விழுற இடம் இம்புட்டுத்தான். குழாய் போயிருச்சு, பேரு மட்டும் நிலைச்சிருச்சு.

அண்ணாச்சி: ஓ... டப்பாவோட சேத்து நிறுத்திருக்கான்.

தம்பி: (யோசித்து) ...ஆமா. அதேதான்.

அண்ணாச்சி: அப்படித் தமிழ்ல சொல்லு. சரி, தகடு பெருசா இருந்தா என்ன லாபம்?

தம்பி: மழை பெய்யும்போது அண்டாவையும் சொம்பையும் வெளிய வச்சா எதுல தண்ணி கூட விழும்? அது மாதிரி வெளிச்சம். இருட்டு மண்டபத்துல பெரிய சென்சார் படத்துல மணல் மாதிரி பொரிப்பொரியா வாறது குறையும்.

அண்ணாச்சி: அப்ப பெருசுதான்!

தம்பி: பெருசுதான். ஆனா... (தொண்டையைக் கனைத்து) லென்ஸ் ஓட்டைன்னு ஒரு கணக்கு இருக்கு. சின்னதுல அது 2.8. பெருசோட லென்சுல 4.5. நம்பர் சின்னதானா ஓட்டை பெருசு. தலைகீழ்க் கணக்கு, என்கூட கல்யாணத்துக்குப் படம் எடுக்க வாற பையன்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் குழம்புவாங்க...

அண்ணாச்சி: இதுல என்ன குழப்பம்? சல்லடை நம்பர் மாதிரி. நாப்பதாம் நம்பர்னா பொடிக் கண்ணு, பத்தாம் நம்பர்னா பெருங்கண்ணு. மேல சொல்லு.

(தம்பி வாயடைத்து நிற்கிறார். பதினஞ்சு வருசத் தொழிலில் இதை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்ட ஆள் கிடையாது.)

அண்ணாச்சி: அதாவது, பெரிய அண்டா, மேல குறுகலான புனல். இது சொம்பு, ஆனா புனல் அகலம். கடைசியில தண்ணி எதுல கூட?

தம்பி: ...ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அண்ணாச்சி. கூடவே குடுக்கிற லென்ஸை மாட்டுனா பெரிய சென்சாரோட லாபம் கிட்டத்தட்ட எல்லாம் அங்கயே காலி. அண்டாவுக்கு ஏத்த புனல் தனியா வாங்கணும். அது காசு.

அண்ணாச்சி: இதை ஏன் முதல்லயே சொல்லல?

தம்பி: நீங்க கேக்கல.

அண்ணாச்சி: கேக்காம எதுவும் சொல்ல மாட்டே. பற்று நோட்டு பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேங்கிறியே, அது மாதிரி. சரி, சின்னதைக் குடு, பையில போட்டுப் பாக்கேன்.

(சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனா, பொடி மட்டை, கரண்ட் பில், சீட்டு அட்டை எல்லாம் கல்லாவுக்கு இடம் மாறுகின்றன. கேமரா உள்ளே போகிறது. சட்டையின் இடப்பக்கம் முழங்காலை நோக்கிப் புறப்படுகிறது.)

தம்பி: அண்ணாச்சி, குனிஞ்சிராதீங்க!

அண்ணாச்சி: என்ன குனிஞ்சா...

(குனிகிறார். கேமரா கோதுமை மாவு மூட்டையில் மெத்தென்று விழுகிறது. தம்பி பாய்ந்து எடுத்து ஊதுகிறார்.)

தம்பி: ஆன் பண்ணிராதீங்க! இந்த லென்ஸ் குழாய் மாதிரி நீண்டு நீண்டு உள்ள போகும். போகும்போது தூசியையும் இழுத்துக்கிடும். உள்ள போன தூசியை வீட்டுல வச்சு எடுக்க முடியாது. மச்சான் என்னைத் தொலைச்சிருவான்!

அண்ணாச்சி: அப்ப பெருசுக்குத் தூசி பயம் இல்லையா?

தம்பி: அதுக்கும் இருக்கு. லென்ஸை மாத்தும்போது வாய் திறந்திருக்கும். ஆனா ஊதுற பல்ப் வச்சு ஊதிக்கிடலாம். ஒண்ணே ஒண்ணு, மிளகாய்த்தூள் மூட்டைப் பக்கம் மட்டும் கழட்டக் கூடாது.

அண்ணாச்சி: என் கடையில மிளகாய்த்தூள் மூட்டை இல்லாத பக்கம் எது? சரி, நீ சொல்லு. எதை வாங்கட்டும்?

தம்பி: மிரர்லெஸ்தான். கண்ணை மூடிட்டு வாங்குங்க. கேனானாவே வாங்குங்க. நாளைப்பின்ன வேற லென்ஸ் மாட்டலாம், முகத்தை மட்டும் தெளிவா எடுத்து பின்னாடி எல்லாத்தையும் மங்கலாக்கலாம்...

அண்ணாச்சி: காசு குடுத்து மங்கலாக்கவா? பின்னாடி தோரணம் கட்டுனவன், குத்துவிளக்கு வச்சவன் எல்லாம் எதுக்குச் செலவழிச்சான்? இரு இரு. 'கேனானாவே'ன்னு அழுத்திச் சொன்னியே. உன்கிட்ட இருக்கிற லென்ஸ் எல்லாம் என்ன?

தம்பி: (மெதுவாக) கேனான்.

அண்ணாச்சி: நான் வாங்குற கேமராவுல உன் லென்ஸ் மாட்டுமா?

தம்பி: ...மாட்டும்.

அண்ணாச்சி: தையில எத்தனை முகூர்த்தம் பிடிச்சிருக்கே?

தம்பி: ஆறு. அதுல ஒரு நாள் ரெண்டு மண்டபம்.

அண்ணாச்சி: ரெண்டு மண்டபம்! என் காசுல கேமரா, உன் லென்ஸ், ஊரான் கல்யாணம். அரிசி உன்னுது, உமி உன்னுது, அடுப்பு மட்டும் என்னுதா?

தம்பி: ஒரே ஒரு நாளைக்குத்தான் அண்ணாச்சி, இரவலா...

அண்ணாச்சி: நான் மாத்திச் சொல்லுதேன் கேளு. பையில போட்டுட்டுத் திரிய சின்னதை நான் வாங்கிக்கிடுதேன். சட்டைப் பைக்கு ஒரு பட்டன் தச்சாப் போதும். அரங்கேற்றத்துக்கு ரெண்டு நாள் உன் பெருசும் நல்ல புனலும் என்கூட பெங்களூர் வரும். வாடகையை உன் பற்றுல கழிச்சுக்கிடுவோம்.

தம்பி: அன்னைக்குத்தான் அந்த ரெண்டு மண்டபம்!

அண்ணாச்சி: அப்ப பற்றைத் தீத்துட்டுப் பேசு. பதினாலு மாசமா கிடக்கு. அந்தப் பெருசைக் கொஞ்சம் குடு, எப்படி அமுக்கணும்?

தம்பி: (முகம் சுருங்கி) நீங்க இங்கிட்டு வந்து நில்லுங்க, நான் கல்லாவுக்கு முன்னால உக்காருதேன். தூர லென்ஸ்தான் மாட்டியிருக்கு. திரையில எதை விரலால தொடுதீகளோ அது தெளிவா விழும். என் முகத்தைத் தொடுங்க.

(அண்ணாச்சி கடை வாசலுக்கு இறங்கி, தெருவில் ஆட்டோவுக்கு வழிவிட்டு, நின்று நிதானமாகத் திரையைத் தொடுகிறார். அமுக்குகிறார். திரும்பி வருகிறார்.)

தம்பி: காட்டுங்க. (பார்த்து) அண்ணாச்சி... நான் மங்கலா இருக்கேன்.

அண்ணாச்சி: ஆமா.

தம்பி: பின்னாடி போர்டு மட்டும் பளிச்சுன்னு இருக்கு.

அண்ணாச்சி: நல்ல சாமான் தம்பி. முப்பது வருசமா நானே பாக்கல, 'கடன்' எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாரு.