ஜமாஅத் சான்று மட்டும் போதாது

பள்ளிவாசல் நிக்காஹ் புத்தக நகலே வெளிநாட்டு விசாவுக்குப் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரியில்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்த நகல் திருமணம் நடந்ததற்கான ஆதாரம் மட்டும்தான். அரசுச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் கிடைக்கும். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதியணும். ராமேஸ்வரம் கோயில் ரசீதுக்கும் இதே கதைதான்.

பதிவில் கையெழுத்துப் போடுமுன் அதிலுள்ள பெயரை பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்க. ஒன்றில் 'எஸ். முகமது', மற்றதில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் தூதரகத்தில் நிற்கும். பிறகு திருத்துவது பெரும்பாடு. துபாய், அபுதாபிக்கு அப்போஸ்டில் (சில நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கும் ஒற்றைச் சான்று) செல்லாது. மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம், இந்த வரிசையில் சான்றொப்பம் வேணும். அசலை லேமினேட் பண்ணிடாதீங்க, முத்திரை குத்த இடமிருக்காது.