தூங்கவிடாத நிசப்தம்

(டோக்கியோ ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் மெட்ரோபாலிட்டன் மருனோவுச்சி ஓட்டல். வரவேற்பே 27ஆம் மாடியில்தான்; அறைகள் அதற்கும் மேலே. மாலை ஆறு மணி. மாப்பிள்ளை திரைச்சீலையைப் பிடித்தபடி நிற்கிறார். மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவர். மகளும் பேத்தியும் அடுத்த அறையில்.)

மாப்பிள்ளை: அத்தை, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ம்... இப்போது திறங்கள்!

மாமியார்: தண்டவாளம்.

மாப்பிள்ளை: தண்டவாளமேதான்!

மாமியார்: வேறு பக்கம் ரூமே கிடைக்கவில்லையா மாப்பிள்ளை? பரவாயில்லை, மனசு கஷ்டப்படாதீர்கள். கடைசி நேரத்தில் கேட்டால் இப்படித்தான் எதையாவது தலையில் கட்டுவார்கள்.

மாப்பிள்ளை: யாரும் கட்டவில்லை அத்தை. நாலு மாசம் முன்பே பதிவு செய்து, ரயில் தெரிகிற பக்கம்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்டு, கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன். ஜப்பானில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. 'தொரெயின் ப்யூ'. நம் 'ட்ரெய்ன் வியூ'தான்.

மாமியார்: கூடுதல் காசா? இதை எனக்கு ரயில்வே முப்பத்தோரு வருஷம் சும்மா கொடுத்தது. துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் துரு நிறத்துக்கு வந்துவிடும். உங்கள் மாமா ரிட்டயர் ஆன அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரயில் கண்ணில் படாத தெருவில் ஒரு வீடு.

மாப்பிள்ளை: அது கூட்ஸ் வண்டி அத்தை. இது ஷிங்கான்சென், புல்லட் ரயில்! 1964 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து ஓடுகிறது. அதோ, வெள்ளையில் நீலக்கோடு. பதினாறு பெட்டி, நானூறு மீட்டர் நீளம். இந்தப் பக்கம் பச்சையும் சிவப்பும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு வருகிறதே, ஹயபுசாவும் கொமாச்சியும். மொரியோகா வரை ஒன்றாகப் போகும். அங்கே பிரித்துவிடுவார்கள். சிவப்பு அகிதாவுக்கு, பச்சை இன்னும் வடக்கே.

மாமியார்: எங்கள் ஜோலார்பேட்டையிலும் வண்டியைப் பிரித்துச் சேர்ப்பார்கள். இறங்கி டீ குடித்து, பாக்கிச் சில்லறைக்குச் சண்டையும் போட்டுவிட்டு வந்து ஏறலாம்.

மாப்பிள்ளை: இங்கே சில நிமிஷம்தான். அப்புறம் அந்தப் பச்சைக் கோடு போட்டது யமனோத்தே. 34.5 கிலோமீட்டர் வட்டம், முப்பது ஸ்டேஷன். ஒரு மணி நேரத்தில் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்துவிடும்.

மாமியார்: எங்கேயும் போகாத வண்டிக்கா இவ்வளவு கூட்டம்? அது சரி, இவ்வளவு உயரத்தில் எதற்கு ரூம்? எறும்புச் சாரை மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளை: சூட்சுமமே அதில்தான் அத்தை. போன தடவை ஒசாகாவில் ஓர் ஓட்டலில் மூன்றாம் மாடி. 'ஸ்டேஷன் பக்கம்' என்று போட்டிருந்தது. ஆசையாகத் திரையை விலக்கினால் பிளாட்பாரத்தின் தகரக் கூரை! இரண்டு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காக்கை மட்டும் வந்து போனது. ஸ்டேஷன் தெரிவது வேறு, ரயில் தெரிவது வேறு. கூரையைத் தாண்டி மேலே போக வேண்டும். ஆனால் ரொம்பவும் மேலே போனால்...

மாமியார்: எறும்பு.

மாப்பிள்ளை: ...பொம்மை ரயில் என்று சொல்லலாம்.

மாமியார்: சரி, பார்த்தாயிற்று. நீங்கள் ஏன் இன்னும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்?

மாப்பிள்ளை: டாக்டர் யெல்லோ வருமோ என்றுதான். மஞ்சள் ரயில். பயணிகளை ஏற்றாது. ஓடிக்கொண்டே தண்டவாளத்தையும் மின்கம்பியையும் சோதிக்கும். எப்போது வரும் என்று வெளியே சொல்லமாட்டார்கள். இரண்டு இருந்ததில் ஒன்றுக்கு 2025 ஜனவரியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கண்ணில் பட்டால் அதிர்ஷ்டமாம்.

மாமியார்: இன்ஸ்பெக்‌ஷன் வண்டியா? அது வருகிறது என்றால் உங்கள் மாமா மூன்று நாள் வீட்டுக்கே வரமாட்டார். வந்து போன பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டார். அதைப் பார்ப்பது அதிர்ஷ்டமா!

(இரவு பன்னிரண்டே கால். அடுத்த அறையில் போன் மணி. மாப்பிள்ளை பனியனோடு ஓடி வருகிறார்.)

மாப்பிள்ளை: என்ன அத்தை? உடம்புக்கு என்ன?

மாமியார்: உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த வெள்ளை வண்டியெல்லாம் எங்கே?

மாப்பிள்ளை: ஷிங்கான்சென் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை ஓடாது. ஊர் தூங்க வேண்டுமே. தண்டவாள வேலையும் அந்த நேரத்தில்தான்.

மாமியார்: அதோ ஆரஞ்சுக் கோடு போட்டது ஓடுகிறதே.

மாப்பிள்ளை: அது சுவோ லைன். சாதாரண மின்சார ரயில். இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

மாமியார்: ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லையே. பழைய டிவியில் ஸ்பீக்கர் போன மாதிரி.

மாப்பிள்ளை: கண்ணாடி அவ்வளவு கெட்டி அத்தை! பொட்டுச் சத்தம் உள்ளே வராது. அதையும் விசாரித்துத்தான்...

மாமியார்: மாப்பிள்ளை, மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தெருவுக்குக் குடி போய் ஆறு மாசம் நான் தூங்கவே இல்லை. நானே கேட்டு வாங்கின வீடு, எந்த வாயால் சொல்வேன்? குவார்ட்டர்ஸில் சேரன் போனால் கண் சொக்கும். கூட்ஸ் போனால் புரண்டு படுப்பேன். விடிகாலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்பினால் எழுந்து பால் காய்ச்சுவேன். இங்கே ரயிலைக் கண்ணில் காட்டிவிட்டுச் சத்தத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இலை போட்டுச் சோறு போடாத மாதிரி.

மாப்பிள்ளை: அத்தை, நீங்கள் ஓதோ-தெத்சு!

மாமியார்: என்னது? நடு ராத்திரியில் மாமியாரைத் திட்டுகிறீர்களா?

மாப்பிள்ளை: ஐயோ, இல்லை. இங்கே ரயில் பைத்தியத்தில் பல ஜாதி. ஏறிச் சுற்றுகிறவர் நோரி-தெத்சு. படம் எடுக்கிறவர் தோரி-தெத்சு. சத்தத்தைக் கேட்டுச் சொக்குகிறவர் ஓதோ-தெத்சு. நான் தோரி, நீங்கள் ஓதோ.

மாமியார்: பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நாளைக்கு எந்த ஊர்?

மாப்பிள்ளை: கியோட்டோ. ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே கிரான்வியா ஓட்டல். தெற்குப் பக்க அறைதான் கேட்டிருக்கிறேன், தண்டவாளம் அந்தப் பக்கம். ஷிங்கான்சென்னில் நொசோமி என்கிற வேக வண்டி எல்லாமே அங்கே நின்றுதான் போகும்.

மாமியார்: சத்தம் வருமா?

மாப்பிள்ளை: வராத அறையாகக் கேட்டிருக்கிறேன் அத்தை.

மாமியார்: (யோசித்து) அந்த ஒசாகா தகரக் கூரை... அங்கே சத்தம் கேட்டதா?

மாப்பிள்ளை: கேட்டதாவா! நள்ளிரவு தாண்டியும் ஒரே ஆர்ப்பாட்டம். ஐந்து மணிக்கெல்லாம் மறுபடி ஆரம்பம். மேஜைமேல் டம்ளர் ஆடும்.

மாமியார்: டம்ளர் ஆடுமா?

மாப்பிள்ளை: ஆடும் அத்தை.

மாமியார்: அங்கே எனக்கு ஒரு ரூம் போடுங்கள். காக்கை இருந்தாலும் பரவாயில்லை.