வீராங்கனையிடம் மட்டும் கேட்கப்படும் யதார்த்தம்

கற்பனை உலக விளையாட்டுகளில் டிராகன் நெருப்பைக் கக்கும்போதும், மந்திரவாதி விரலசைவில் மின்னலை வரவழைக்கும்போதும் எழாத யதார்த்தம் பற்றிய கேள்வி, ஒரு பெண் வாளேந்தி முன்வரிசையில் நின்றவுடன் மட்டும் எழுவது எனக்குப் பெரும் மனச்சோர்வைத் தருகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு 1978இல் வெளியான விதிநூல், மனிதப் பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பை அச்சிட்டே வைத்திருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது நீங்கிய பின்னும், பெண்ணுக்கு வாள் வீசும் வலிமை இல்லை என்ற அதே வாதம் விளையாட்டு மேசையில் இன்றும் என் காதில் விழுகிறது. ஆனால் இடைக்கால நீள்வாளின் எடை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியதுதான். சுவீடனின் பிர்க்காவில் 1878இல் தோண்டப்பட்டு, வாளும் கோடரியும் இரண்டு குதிரைகளும் கிடைத்ததால் ஆண் போர்வீரனுடையது என்றே நெடுங்காலம் கருதப்பட்ட வைக்கிங் கல்லறை, ஒரு பெண்ணுடையது என்று 2017இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

இவ்வளவு யதார்த்தம் கோருபவர்கள், வயிற்றையும் தொடையையும் திறந்துவிட்டு, மார்பின் நடுவே பள்ளம் வைத்து வாள்முனையை நேராக நெஞ்செலும்புக்கே வழிநடத்தும் கவசத்தைப் பெண் பாத்திரத்துக்கு வரையும்போது மட்டும் ஏன் வாய்திறப்பதில்லை? கழுத்துவரை மூடிய கவசமணிந்த ஒரு வீராங்கனையின் படத்தை என் பாத்திரத்துக்காகத் தேடியே நான் பல மாலைகளை இழந்திருக்கிறேன்.