மாசத்துக்கு 28 நாள் என்று எந்தக் காலண்டரில் இருக்கிறது?

வருஷத்துக்கு எத்தனை மாசம் என்று செல்போன் கம்பெனிகளைக் கேட்டால் பதிமூன்று என்றுதான் சொல்வார்கள். 28 நாள் ரீசார்ஜ் பேக்கைப் பதிமூன்று முறை போட்டால்தான் 364 நாள் ஓடும். அப்போதும் ஒரு நாள் இடிக்கிறது. மாசம் 299 ரூபாய்தானே என்று நீங்கள் போடும் கணக்கில் வருஷத்துக்கு 3,588 ரூபாய். கையை விட்டுப் போவது 3,887. வீட்டில் நாலு போன் இருந்தால் கூடுதலாக 1,196 ரூபாய். ஒரு காஸ் சிலிண்டர் வாங்கிவிட்டு மிச்சமும் பார்க்கலாம்.

சரி, அடிக்கடி போடுவானேன், பெரிய பேக்காகப் போட்டுத் தொலைக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் 56 நாள், 84 நாள். எல்லாமே 28-ஆம் வாய்ப்பாடு. "மூணு மாசத்துக்குக் கவலையில்லை சார்" என்று கடைக்காரர் போட்டுவிடும் 84 நாள் பேக்கை வருஷத்துக்கு நாலு தடவை போட்டாலும் 336 நாள்தான் வரும். மீதி 29 நாளுக்கு என்ன செய்ய, புறாவா விட? முழுசாக 365 நாள் பேக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆயிரக்கணக்கில் மொத்தமாக எடுத்து வைக்கிறவருக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டு ஓனர் வந்து, "இனிமேல் மாசம் என்றால் 28 நாள், அந்தக் கணக்கில் வாடகையைக் கொடுங்கள்" என்று சொன்னால் சும்மா விடுவோமா? தெருவே கூடிவிடும். இங்கே கோடிக்கணக்கான பேர் வாயைத் திறக்காமல் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஏனென்றால் பறிபோவது இரண்டு நாள், மூன்று நாள். கணக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கும் அளவுக்குத்தான் உருவுவார்கள்.

பணத்தைவிட எரிச்சல் அந்தத் தேதி நகர்வதுதான். ஜனவரி 5-ஆம் தேதி ரீசார்ஜ் செய்தால் அடுத்தது பிப்ரவரி 2. அப்புறம் மார்ச் 2. அப்புறம்? மார்ச் 30! ஒரே மாசத்தில் இரண்டு தடவை. அதற்கடுத்தது ஏப்ரல் 27. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவனுக்கு 27-ஆம் தேதி எப்படி இருக்கும் என்று அந்தக் கம்பெனிகளில் பேக் போடுகிறவர்களுக்குத் தெரியுமா? இத்தனைக்கும் இது யாரும் கவனிக்காத விஷயம் இல்லை. 2022 ஜனவரியிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது: 30 நாள் பேக் ஒன்றாவது வை, ஒவ்வொரு மாசமும் அதே தேதியில் புதுப்பிக்கிற மாதிரி ஒன்றாவது வை. 'ஒன்றாவது' என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆப்பைத் திறந்தால் பட்டியல் முழுக்க 28, 56, 84. அந்த ஒன்றை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதெல்லாம் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறவர்கள் பாடு. என் வயிற்றெரிச்சல் முழுக்க அம்மாவின் பட்டன் போனைப் பற்றியது.

அம்மாவுக்குப் போன் என்றால் பச்சை பட்டன், சிவப்பு பட்டன், அவ்வளவுதான். பெரும்பாலும் வருகிற அழைப்பை எடுத்துப் பேசுவார். காஸ் புக் செய்ய, பேங்கிலிருந்து வரும் மெசேஜைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்ட. நெட் என்ற ஒன்றை அந்தப் போன் கண்டதே இல்லை. ஆனால் அவருக்குப் போடும் பேக்கில் 2 ஜிபி டேட்டா இருக்கிறது. 28 நாளும் அது அப்படியே கிடந்து காலாவதியாகும். மறுநாள் காசு கொடுத்து இன்னொரு 2 ஜிபி வாங்கித் தருகிறேன். பேக் முடிய மூன்று நாள் இருக்கும்போதே தொல்லை ஆரம்பம். அம்மா என் நம்பரை அழுத்தினால் ரிங் போவதற்கு முன்னால் ஒரு பெண் குரல், "உங்கள் பேக் விரைவில் முடிவடைய உள்ளது" என்று பாடம் நடத்தும். அம்மா அதை நான்தான் ஆள் வைத்துப் பேசச் சொல்கிறேன் என்று நினைத்து, "யாருடா அந்தப் பொண்ணு?" என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

2005, 2006 வாக்கில் 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங் என்று விற்ற கம்பெனிகள்தான் இவை. பேலன்ஸ் இல்லாவிட்டாலும் அழைப்பு வரும், மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தினோம். பத்து ரூபாய் டாப்-அப் போட்டால் 7 ரூபாய் 47 பைசா ஏறும், அந்த மிச்சம் எங்கே போனது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டோம் (பாவம், வரியும் பிராசஸிங் கட்டணமும் அவரா வாங்கினார்?). ஆனாலும் மாசாமாசம் கப்பம் கட்டாமல் நம்பர் உயிரோடு இருந்தது.

2018 கடைசியில் ஆரம்பித்தார்கள். நம்பர் வேலை செய்ய வேண்டுமென்றால் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய். 35 தானே என்று விட்டோம். 2021-இல் 79 ஆனது, அதே வருஷம் 99 ஆனது. பிறகு 155, அதுவும் 24 நாளுக்கு! விலையையும் ஏற்றி, நாளையும் குறைத்து. 2024 ஜூலையில் 199. ஆறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 35 ரூபாய் 199 ஆகிவிட்டது. அம்மா பேசும் நேரம் கூடியதா? அதே பேச்சு, அதே பட்டன் போன்.

டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கொடு என்று டிராய் 2024 டிசம்பரில் சொன்னது. ஆஹா, விடிவு வந்தது என்று நம்பினேன். வந்தது என்ன தெரியுமா? பெரிய நிறுவனம் ஒன்று, 6 ஜிபி டேட்டாவோடு 509 ரூபாய்க்கு விற்ற 84 நாள் பேக்கிலிருந்து டேட்டாவை முழுசாக உருவிவிட்டு 499 என்று போட்டது. ஆறு ஜிபியின் மதிப்பு பத்து ரூபாய்! அதே கணக்கில் நூறு ரூபாய்க்கு எனக்கு அறுபது ஜிபி தருவார்களா? புதுப் பேக்குகளைச் சரிபார்க்கப் போகிறோம் என்று டிராய் சொன்ன பிறகுதான் 469-க்கு இறங்கியது. அதிலும் 28 நாளுக்குச் சின்னதாக ஒன்று வைக்கவில்லை. 84 அல்லது 365. எந்த வீட்டில் ஐந்நூறு ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைக்க முடியாதோ, அந்த வீட்டுக்காகப் போட்ட உத்தரவுக்குத்தான் இந்தப் பதில்.

"பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போ" என்று எழுதப் போகிற புண்ணியவான்களுக்கு: எங்கே போவது? 2024 ஜூன் கடைசியில் ஒரு கம்பெனி விலையேற்றத்தை அறிவித்தது, மறுநாளே மற்ற இரண்டும் அறிவித்தன. பிஎஸ்என்எல்லுக்குக் கூட்டம் கூட்டமாக மாறினார்கள், எங்கள் ஊரில் அதற்கு மாடிப்படி ஏறினால்தான் சிக்னல். அம்மாவை மாடிப்படியில் உட்கார வைக்கவா? ரீசார்ஜ் போடாமல் விட்டுவிடலாம் என்றால் அந்த நம்பரில்தான் பேங்க் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. இது கம்பெனிக்காரனுக்கு நன்றாகவே தெரியும்.

நான் கேட்பது இலவசம் இல்லை. 84 நாளுக்கு 469 என்றால் ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய்தான் வருகிறது. அதே கணக்கில் 30 நாளுக்கு 170 ரூபாய் வாங்கிக்கொள். டேட்டா வேண்டாம், ஹலோ டியூன் வேண்டாம், ஓடிடி வேண்டாம். பேச்சு, எஸ்எம்எஸ், முப்பது நாள். இதற்குப் புது டவர் போட வேண்டியதில்லை, புது அலைக்கற்றை ஏலம் எடுக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். போடேன் பார்ப்போம்.